புள்ளிக்கு முன்னால் ஓர் இடைவெளி

கறுப்புத் திரை என்றால் எனக்கு முதல் நாளிலிருந்தே பயம். மவுஸ் பிடித்து வேலை செய்கிற கம்ப்யூட்டர், எதையாவது அழிக்கச் சொன்னால் ஒரு தடவை திருப்பிக் கேட்கும். கறுப்புத் திரை கேட்காது. கட்டளையை அடித்து என்டர் தட்டினால் சொன்னதைச் செய்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல அடுத்த வரியில் கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும்.

அந்தத் திரையை நம்பித்தான் என் சம்பளம் இருந்தது. கள்ளக்குறிச்சியில் துருகம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு வீட்டு மாடியில் எங்கள் ஆஃபீஸ். சின்ன அறக்கட்டளை. கல்வராயன் மலை ஊர்களில் கர்ப்பமாக இருக்கும் பெண்களைத் தேடிப் போய் ரத்தம், பிரஷர், ஸ்கேன், பிரசவத் தேதி எல்லாவற்றையும் பதிந்து வைப்போம். யாருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் முன்கூட்டியே கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவோம். மொத்தம் மூன்று பேர். சுகாதாரத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சார் நிர்வாகம். மலைக்குப் போகிற நர்ஸ், சின்னசேலத்துக்காரர், அவரை நான் அக்கா என்பேன். மூன்றாவது, கம்ப்யூட்டர் பார்க்கிற நான். நைனார்பாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன்.

அக்காவிடம் ஒரு டேப்லெட் இருந்தது, டேப் என்போம். மலையில் எங்கே சிக்னல் கிடைக்கிறதோ அங்கே நின்று அன்றைய பதிவுகளை அனுப்புவார். அவை என் மேசைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். அதில் ஒரு புரோகிராம் பகலும் இரவும் ஓடிக்கொண்டே இருக்கும். வந்த பதிவுகளை வாங்கி ஒரே ஒரு பெரிய கோப்பில் எழுதும். யாருக்காவது அக்கா சிவப்புக் குறி போட்டிருந்தால் உடனே சார் போனுக்குச் செய்தி அனுப்பும். சார் வாடகை ஜீப்புக்குச் சொல்லுவார். இந்தப் புரோகிராமை எழுதிக் கொடுத்தவர் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார். எந்தக் கட்டளை அடித்தால் புரோகிராம் நிற்கும், எது அடித்தால் ஓடும், ஓடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது, பென் டிரைவைக் கம்ப்யூட்டருக்கு எப்படிக் காட்டுவது என்று ஒரு முழு நீளத் தாளில் எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அது மழைக்காலம். வெள்ளிக்கிழமை. அக்கா முந்தின நாளே மலைக்குப் போய்த் தங்கியிருந்தார். காலையில் வந்து திரையைப் பார்த்தால், டிஸ்க் நிரம்பிவிட்டது என்று வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாகவே எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம், புதன்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் தள்ளிப் போட்டிருந்தேன்.

இடம் பண்ண வேண்டும் என்றால் பழைய நகல்களை அழிக்கலாம். பதிவுக் கோப்பு இருந்த அதே இடத்தில் அதன் பெயரோடு ஒரு புள்ளி, புள்ளிக்குப் பிறகு ஒன்று, இரண்டு என்று எண் போட்ட நகல்கள் ஏழெட்டு இருந்தன. கோப்பின் பெயர், புள்ளி, நட்சத்திரக் குறி என்று சேர்த்து அடித்தால் எண் போட்டவை மட்டும் போகும். அடித்தேன். என்டர் தட்டினேன்.

இரண்டு வரி வந்தது, இதையெல்லாம் அழிக்க மாட்டேன் என்கிற மாதிரி. நான் அழிக்கச் சொன்னதில் அப்படி மறுக்க ஒன்றும் இல்லையே என்று மேலே பார்த்தேன். கோப்பின் பெயருக்கும் புள்ளிக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுந்திருந்தது. நான் அடித்தது ஒரே பெயர் இல்லை, இரண்டு பெயர். முதல் பெயர், அசல் கோப்பு.

பட்டியல் எடுத்துப் பார்த்தேன். நகல்கள் அத்தனையும் இருந்தன. அசல் இல்லை. இன்னொரு தடவை பட்டியல் எடுத்தேன். மூன்றாவது தடவையும் எடுத்தேன். எத்தனை தடவை எடுத்தாலும் வராது என்று தெரிந்தும் எடுத்தேன்.

இருப்பதிலேயே புதிய நகல் ஐந்து மாதத்துக்கு முந்தையது. அதில் இருந்த பெண்கள் பெரும்பாலும் பெற்று முடித்துவிட்டவர்கள். இப்போது வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்கள் அதில் இல்லை. ஏன் ஐந்து மாதமாக நகல் இல்லை என்றால், அதற்கும் நான்தான். தினமும் காலையில் தானாக நகல் எடுக்கிற சர்வீஸ் ஒன்று உண்டு. அது ஓடும் நேரத்தில் அக்கா அனுப்பும் பதிவுகள் மெதுவாக ஏறின. அதனால் அதை நிறுத்தி, கம்ப்யூட்டர் மறுபடி ஆன் ஆனாலும் எழுந்திருக்காதபடி செய்தேன். சாயங்காலத்துக்கு மாற்றி வைக்க வேண்டும் என்று நினைத்தேன். மறந்துபோனேன். அக்கா முன்னெல்லாம் நோட்டிலும் எழுதிக்கொண்டிருந்தார். எதற்கு இரட்டை வேலை என்று அதையும் நிறுத்தச் சொன்னவள் நான்.

எதிர் மேசையில் சார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, ஒரு மாதிரி இருக்கற?"

"சார், பதிவுக் கோப்ப அழிச்சிட்டேன்."

"எதை?"

"எல்லாத்தையும் சார்."

அவர் எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். திரையைப் பார்த்தார். அவருக்கு அதில் எதுவும் புரிந்திருக்காது. "ஒரு தபா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரேன். சில நேரத்துல வந்துரும்" என்றார்.

எனக்கும் அதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. தாளைப் பார்த்து, புரோகிராமை நிறுத்தித் திரும்ப ஓட்டுகிற கட்டளையை எழுத்தெழுத்தாக அடித்தேன். என்டர் தட்டினால் பாஸ்வேர்ட் கேட்டது. பாதி பாஸ்வேர்ட் அடித்திருப்பேன். அப்போது பக்கத்துத் திரையில், பதிவுகளைப் படிக்கிற பக்கம் திறந்திருந்தது கண்ணில் பட்டது. பெயர்கள் இருந்தன. பக்கத்தைப் புதுப்பித்தேன். அப்போதும் இருந்தன. ஒரு பெயரைத் தொட்டால் அவளுடைய ஸ்கேன் படம் வந்தது.

கோப்பு இல்லை. ஆனால் கோப்பில் இருந்ததெல்லாம் வருகிறது. நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. செத்துப்போனவர் வாசலில் நின்று பேசுகிற மாதிரி இருந்தது.

அப்புறம்தான் ஒன்று ஞாபகம் வந்தது. சில மாதங்களுக்கு முன்னால் ஒரு பெரிய குறிப்புக் கோப்பை அழித்தேன். அழித்த பிறகும் டிஸ்கில் இடம் கூடவில்லை. ஏன் என்று இணையத்தில் தேடிப் படித்தேன். ஒரு புரோகிராம் ஒரு கோப்பைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கும்போது அதை அழித்தால் பெயர் மட்டும்தான் போகும். புரோகிராம் பிடியை விடும்வரை உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். பிடியை விட்டால் அந்த நிமிஷமே போய்விடும்.

பாஸ்வேர்டின் மீதியை அடித்திருந்தால் பிடியை நானே விடவைத்திருப்பேன். சட்டென்று கட்டளையை ரத்து செய்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டேன். விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைக்கவே பயமாக இருந்தது.

"சார், எதையும் தொடாதீங்க. இந்த வயரு பக்கம்கூட வராதீங்க. இந்தப் புரோகிராம் ஓடிக்கினு இருக்கறவரைக்கும்தான் அது இருக்கும். நின்னா போயிடும்."

"எம்மா நேரம் ஓடும்?"

"அதுபாட்டுக்கு ஓடும் சார். கரண்ட் மட்டும் போவாம இருந்தா."

வெளியே காற்று கிளம்பியிருந்தது. எதிர் வீட்டுத் தகரம் படபடவென்று அடித்தது. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் தலைக்கு மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தோம்.

போனில் தேடினேன். புரோகிராமின் எண்ணைக் கண்டுபிடித்து, அது பிடித்திருக்கிற கோப்புகளின் பட்டியலை எடுத்தேன். நடுவில் ஒரு வரி, எங்கள் பதிவுக் கோப்பின் பெயர், பக்கத்தில் 'அழிக்கப்பட்டது' என்று ஒரு சொல். அந்த வரியைப் பிடித்து வேறிடத்துக்கு நகல் எடுக்கலாம் என்று போட்டிருந்தது. எங்கே எடுப்பது? டிஸ்கில்தான் இடமில்லையே. பழைய நகல்களை அழித்தால் இடம் வரும். ஆனால் அழிக்கிற கட்டளையின் முதல் இரண்டு எழுத்தை அடித்ததும் அந்த இடைவெளி ஞாபகம் வந்தது. அடித்ததை எடுத்துவிட்டேன்.

"சார், பென் டிரைவ் ஏதாவது இருக்குதா?"

"கார்ல இருக்குது. பாட்டுப் போட்டு வெச்சிருக்கேன்."

அவர் மாடிப்படி இறங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போயிற்று.

ஃபேன் மெதுவாகி நின்றது. மேசைக்கடியில் யூ.பி.எஸ். கூவ ஆரம்பித்தது. அதன் பேட்டரி பழசு. முன்பொரு தடவை இருபது நிமிஷம் தாங்கியது, இன்னொரு தடவை பத்து நிமிஷத்தில் படுத்துவிட்டது. சார் மழையில் நனைந்து மேலே வந்தார். பென் டிரைவைச் செருகினேன். அதைக் கம்ப்யூட்டருக்குக் காட்டுவதற்கே இரண்டு கட்டளை அடிக்க வேண்டும். முதலாவதைத் தப்பாக அடித்தேன். சார் தாளைக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எழுத்தெழுத்தாகப் படித்தார். நான் அடித்தேன். நகலெடுக்கும் கட்டளையை அடித்து மூன்று தடவை படித்துவிட்டு என்டர் தட்டினேன்.

திரையில் ஒன்றும் வரவில்லை. எத்தனை முடிந்தது, எத்தனை பாக்கி என்று அது சொல்லாது. பென் டிரைவின் சின்ன நீல விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. யூ.பி.எஸ்.ஸின் கூவல் முதலில் நின்று நின்று வந்தது. பிறகு நெருங்கி நெருங்கி வந்தது. சார் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் கறுப்புத் திரை அடுத்த வரிக்கு வந்தது. ஆனால் நகல் முடிந்தது என்று திரை சொன்னாலும் கொஞ்சம் இன்னும் உள்ளே நினைவில்தான் இருக்கும், பென் டிரைவில் இறங்கியிருக்காது. அதை இறக்குகிற கட்டளையை அடித்தேன். நீல விளக்கு வேகமாகச் சிமிட்டியது. கூவல் ஒரே நீளச் சத்தமாயிற்று. விளக்கு நின்ற மாதிரி இருந்தது. அதே நொடியில் எல்லாம் அணைந்தது.

விளக்கு முதலில் நின்றதா, கரண்ட் முதலில் நின்றதா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

ஆஃபீஸில் லேப்டாப் கிடையாது. கரண்ட் வரும்வரை பென் டிரைவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. அதைக் கைக்குட்டையில் சுற்றி மேசை நடுவில் வைத்தேன். வெளியே மழை. சார் மின்வாரியத்துக்குப் போன் போட்டார், எங்கேயோ மரம் விழுந்திருக்கிறது என்றார்கள். அப்பாவுக்கு என்ன சொல்வது, வேறு வேலை எங்கே தேடுவது என்றெல்லாம் மனம் ஓடிற்று. நகல் எடுக்கிற சர்வீஸை நான் நிறுத்தி வைத்திருந்த விஷயத்தை மட்டும் சாரிடம் சொல்லவில்லை.

மதியம் ஒன்றே முக்காலுக்குக் கரண்ட் வந்தது. கம்ப்யூட்டர் எழுந்ததும் அந்தப் புரோகிராமைத்தான் முதலில் நிறுத்தி வைத்தேன். பென் டிரைவைச் செருகி, கோப்பு முழுசாக இருக்கிறதா என்று சோதிக்கும் கட்டளையை ஓட்டினேன். நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு சின்ன எழுத்தில் 'ஓகே' என்று ஒற்றைச் சொல் வந்தது.

சார் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மேசை மேல் தலை வைத்து அழுதேன். கீழே கடையிலிருந்து இரண்டு டீ வாங்கி வந்தார். குடித்தோம். அந்த அரை மணி நேரம் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம்.

மூன்று மணிக்கு அக்கா வந்தார். குடையை மடித்துக்கொண்டே உள்ளே வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சார், அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரிக்கு வந்துச்சா? பிரஷர் இப்ப எவ்ளோ இருக்குதாம்?"

"எந்தப் பொண்ணு?" என்றார் சார்.

"இன்னா சார், காலையில ஒம்பது மணிக்கு ரெட் மார்க் போட்டு அனுப்பினனே. எட்டு மாசம். பிரஷர் ரொம்ப ஜாஸ்தி. பஸ்ல கூட்டியாற முடியாதுன்னுதான் ஜீப்பு அனுப்பச் சொன்னேன். பன்னெண்டு மணிக்கு ரோட்டாண்ட வந்து நில்லுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

சார் போனை எடுத்துப் பார்த்தார். எந்தச் செய்தியும் வந்திருக்கவில்லை.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒன்பது மணிக்கே டிஸ்க் நிரம்பியிருந்தது. புரோகிராம் அக்கா அனுப்பியதை வாங்கிக்கொண்டு, வந்து சேர்ந்தது என்று டேபுக்குப் பதிலும் சொல்லியிருக்கிறது. டேப் தன்னிடம் இருந்ததை அழித்துவிட்டது. ஆனால் இங்கே அதை எழுத இடமில்லை. எழுதி முடித்த பிறகுதான் சாருக்குச் செய்தி போகும். எழுதவே இல்லை. புரோகிராமின் நினைவில் மட்டும் இருந்தது, கரண்ட்டோடு போய்விட்டது. காலையில் திரையில் பெயர்கள் தெரிந்தபோது, மேலேயே அவள் பெயரும் இருந்திருக்கும். சிவப்புக் குறியோடு. நான் பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்த்தேனே தவிர எந்தப் பெயரையும் படிக்கவில்லை.

அந்த ஊரில் சிக்னல் கிடையாது. யாருக்கும் போன் போட முடியாது. சார் ஜீப்புக்குச் சொன்னார். அக்கா பையில் மருந்துகளை எடுத்து வைத்தார். "நானும் வரேன்" என்றேன். இரண்டு பேருமே வேண்டாம் என்று சொல்லவில்லை.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது மூடுபனி இறங்கியிருந்தது. டிரைவர் நாலு மணிக்கே விளக்குப் போட்டிருந்தார். வளைவுகளில் தண்ணீர் ரோட்டைக் குறுக்கே கடந்து ஓடிற்று. அக்கா முன்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிமலை வருவதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன், ஒரு வாரமாக வந்த எச்சரிக்கை, நகல் எடுக்கிற சர்வீஸ், எல்லாவற்றையும்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. "சாருக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது."

"நீயே சொல்லிடு. நான் சொல்ல மாட்டேன்."

தார் ரோடு முடிந்த இடத்தில் யாரும் இல்லை. மண் ரோட்டில் ஜீப் வழுக்கி வழுக்கிப் போயிற்று. அவள் வீட்டு வாசலில் ஒரு துணிப்பை நனைந்து கிடந்தது. அவள் உள்ளே பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். என்னைவிடச் சின்னவள். கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. புருஷன் எழுந்து நின்றார்.

"வண்டி வரும்னு சொன்னீங்களேன்னு ரோட்டுல நின்னோம். ரெண்டு மணி வரைக்கும் நின்னோம். மழை ஜாஸ்தியாச்சு. இதுவும் தலைவலி தாங்கலன்னு சொல்லுச்சு. திரும்பிட்டோம்" என்றார். குரலில் கோபமில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

அக்கா பிரஷர் பார்த்தார். எண்ணை எங்களிடம் சொல்லவில்லை. "கண்ணுல எதுனா தெரியுதாம்மா?" என்று கேட்டார்.

"பூச்சி பறக்கற மாதிரி இருக்குதுங்க."

அக்கா முகம் மாறியதை நான் பார்த்தேன். வலிப்பு வரப்போவதற்கு அது அறிகுறி என்று பிறகுதான் தெரிந்தது. அவளுக்கு ஊசி போட்டு, அணைத்துப் பிடித்து ஜீப்பின் பின் சீட்டில் படுக்க வைத்தோம். அவள் தலை என் மடியில் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவள் உருண்டுவிடாமல் பிடித்துக்கொண்டேன். பாதி இறங்கியபோது அவள் கேட்டாள்:

"நீங்களும் நர்ஸுங்களா?"

"இல்ல. ஆஃபீஸ்ல கம்ப்யூட்டர் பாக்கறேன்."

கம்ப்யூட்டர் பார்க்கிறவள் ஏன் மலைக்கு வந்தேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியாது. அவளுக்கு வேறு கவலை. "வயித்தைக் கிழிச்சுத்தான் எடுப்பாங்களா?" என்றாள். தெரியாது என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருடைய கைகளும் ஒரே மாதிரி சில்லென்று இருந்தன. அக்கா முன் சீட்டிலிருந்து அடிக்கடி திரும்பிப் பார்த்து, "தூங்காத, பேசிக்கினே வா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவள் பேசினாள். மரவள்ளி பிடுங்குகிற வேலை பாதியில் நிற்கிறது என்றாள். முதல் பிள்ளை ஆறு மாதத்தில் கலைந்துவிட்டது என்றாள். நான் உம் கொட்டினேன். அவள் நிறுத்தும்போதெல்லாம், அப்புறம் என்று கேட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் சார் ஸ்ட்ரெச்சரோடு நின்றிருந்தார். மறுநாள் காலை பத்தரைக்கு ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. எடை கம்மி. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். தாய்க்கு இரண்டு நாள் கழித்துத்தான் பிரஷர் இறங்கிற்று. ஒரு நாள் தாமதமாகியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று டாக்டரிடம் சார் கேட்டார். டாக்டர் அடுத்த படுக்கைக்குப் போனார்.

ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போது, ஆஸ்பத்திரி மாடிப்படியில் வைத்துத்தான் சாரிடம் மீதியைச் சொன்னேன்.

"அஞ்சு மாசமா?" என்றார்.

"ஆமா சார்."

"எப்ப சொல்லலாம்னு இருந்த?"

"தெரியல சார். பயமா இருந்துச்சு."

"உன்ன அனுப்பிடலாம். அனுப்பிட்டா அத யாரு பாக்கறது, எனக்கு அதுல ஒரு எழுத்து தெரியாது" என்றார். பிறகு, "திங்கக்கிழமை வா" என்றார். ஒரு மாதம் என்னோடு வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. புதுசாக ஒரு டிஸ்கும் யூ.பி.எஸ்.ஸும் வாங்கினார். சிவப்புக் குறி போட்டால் அக்கா போனும் பண்ண வேண்டும், சார் குரலைக் கேட்கிறவரைக்கும் மலையை விட்டு இறங்கக் கூடாது என்று ஏற்பாடு ஆயிற்று.

அந்தப் பெண் இரண்டு மாதம் கழித்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஃபீஸுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்திருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "ஜீப்புல வந்தவங்கதான நீங்க?" என்றாள். அக்கா அவளுக்குப் பிரஷர் பார்க்கும்வரை குழந்தையை என் கையில் கொடுத்தாள். அது கை வழியாக நழுவிவிடும் போல அத்தனை லேசாக இருந்தது.

என்ன சொல்ல வேண்டும் என்று பல நாள் யோசித்து வைத்திருந்தேன். அதில் பாதிதான் வந்தது.

"அன்னிக்கு வண்டி நேரத்துக்கு வராததுக்கு நான்தான் காரணம். என் தப்பாலதான் சேதி போவல."

அவள் என்னைப் பார்த்தாள். கையில் கட்டியிருந்த பிரஷர் பட்டை உப்பி, பிறகு மெதுவாக இறங்கிற்று.

"ரெண்டு மணி நேரம் நின்னேன்" என்றாள்.

எழுந்து வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். மாராப்பைச் சரி செய்து அதைப் போர்த்தினாள். வெள்ளிமலை பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள்.